குடிகாரனும் வைத்தியனும்: குடிநோய் பற்றிய அறிவு வளர்ந்த வரலாறு

'குடிகாரன்' என்ற சொல்லை நாம் மிக எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சொன்ன மாத்திரத்தே அம்மனிதனைப் பற்றி அறியவேண்டியவை அனைத்தையும் அறிந்துவிட்டதாகவும் எண்ணிக்கொள்கிறோம். பொலிசுக்காரனுக்கு அவன் குற்றவாளி, மதபோதகருக்குப் பாவி, தோட்டத்துரைக்குச் சோம்பேறி, மனைவிக்கு ஆற்றவொண்ணாத் துயர், எமது கதாசிரியர் பலருக்கோ இலகுவிற் கிடைக்கும் வில்லன் அல்லது விகடன். இத்தனை பேரும் அவனைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால், அவனை நோயாளியாகக் காணும் பார்வை மனிதகுலத்துக்கு எப்போது வாய்த்தது? எத்தகைய சமுதாயச் சூழலிலே அது பிறந்தது? அது பிறந்த பின்னரும் ஏன் எங்கள் ஊர்களை முழுமையாக வந்தடையவில்லை?

இவை வைத்தியர்களுக்கு மாத்திரம் உரிய வினாக்களல்ல. வகுப்பறையின் பின்வரிசையில் உறக்கம் கலையாத கண்களோடு அமர்ந்திருக்கும் பிள்ளையை அன்றாடம் காணும் ஆசிரியருக்கும் அவை உரியன. தொழிலாள மக்களின் விமோசனத்தை விரும்பும் மாணவருக்கும் உரியன. கருத்துக்கள் வானத்திலிருந்து விழுவதில்லை. ஒரு நோய் 'நோய்' என்று பெயர்பெறுவதற்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றுக்குப் பொருளாதார அடிப்படையும் உண்டு. அதனை இங்கு சுருக்கமாக நோக்குவோம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இங்கிலாந்திலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். 1690 ஆம் ஆண்டிலே, உள்நாட்டுத் தானியத்திலிருந்து சாராயம் வடிப்பதை ஊக்குவிக்கும் சட்டமொன்றை அந்நாட்டுப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. பிரெஞ்சு பிராந்தியைத் தடுப்பது அதன் ஒரு நோக்கம். நிலப்பிரபுக்களின் தானியத்துக்குச் சந்தை தேடிக் கொடுப்பது மற்றொரு நோக்கம். விளைவு என்ன? லண்டன் மாநகரின் ஏழை மக்கள் நெருங்கி வாழ்ந்த தெருக்களிலே 'ஜின்' ஆறாய்ப் பெருகியது. நாற்பது ஆண்டுகளின் பின்னர் அதே பாராளுமன்றம் அஞ்சியது. 1736 இல் சில்லறை விற்பனைக்கு ஐம்பது பவுண் உரிமக் கட்டணம் விதித்தது. கள்ளச்சந்தை பெருகவே 1743 இல் அச்சட்டத்தைக் கைவிட்டது. 1751 இல் வேறொரு சட்டத்தைக் கொண்டுவந்தது. மக்களைக் குடிக்கப் பழக்கியவர்களும் ஆளும் வர்க்கத்தினரே. குடித்ததற்காக மக்களைத் தூற்றியவர்களும் அவர்களே. இந்த இரட்டை வேடம் எமது கட்டுரை முழுவதும் பல உருவங்களில் மீண்டும் மீண்டும் தோன்றும்.

இவ்வேடத்தை மிகத் தெளிவாகக் காட்டிய இடம் பிரித்தானியக் கடற்படை. அப்படையில் மாலுமி ஒருவனுக்கு நாளொன்றுக்கு அரைப் பைந்து றம் அரசாங்கச் செலவிலேயே வழங்கப்பட்டது. 1740 இல் அட்மிரல் வேர்னன் அதிலே தண்ணீர் கலக்க உத்தரவிட்டார்; ஆயினும் பங்கீடு நின்றுவிடவில்லை. அளவு காலப்போக்கிற் குறைந்தாலும், 1970 ஆம் ஆண்டு யூலை மாதம் வரையில் அவ்வழக்கம் நீடித்தது. அந்த றம், மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலே ஆபிரிக்க அடிமைகளின் உழைப்பிற் பிறந்தது. கப்பலுக்குள் அதனை ஊற்றிக் கொடுத்த அதே அதிகாரம், குடித்துத் தடுமாறிய மாலுமியைக் கட்டி வைத்துக் கசையால் அடித்தது.

இச்சூழலிலிருந்துதான் குடியை நோயாகக் கண்ட முன்னோடி வைத்தியர் ஒருவர் தோன்றினார். அவர் பெயர் தோமஸ் ட்ரொட்டர். ஸ்கொத்லாந்தில் 1760 இற் பிறந்த இவர், இளவயதிலே 'புறூக்ஸ்' என்னும் அடிமைக் கப்பலில் வைத்தியராகப் பணிபுரிந்தார். மனிதரை மனிதர் பொருட்களைப்போல அடுக்கி ஏற்றிச் செல்லும் கொடுமையை நேரிற் கண்டவர், 1790 இல் பாராளுமன்றக் குழுவின் முன்னே அடிமை வணிகத்துக்கு எதிராகச் சாட்சியமளித்தார். பின்னர் கடற்படையின் தலைமை வைத்தியர்களுள் ஒருவரானார். 1788 இல் எடின்பரோ பல்கலைக்கழகத்திற் குடிவெறியைப் பற்றியே தமது பட்ட ஆய்வைச் சமர்ப்பித்த ட்ரொட்டர், அதனை விரித்து 1804 இல் ஆங்கில நூலாக வெளியிட்டார். குடிப்பழக்கம் மனத்தைப் பற்றிய ஒரு நோய் என்பது அவர் முடிபு. மதபோதகரின் கண்டிப்பும் நீதிபதியின் தண்டனையும் இந்நோயைத் தீர்க்கமாட்டா. வைத்தியன் முதலிலே நோயாளியின் நம்பிக்கையைப் பெறவேண்டும். அவன் எதனாற் குடிக்கத் தொடங்கினான் என்று பொறுமையுடன் ஆராயவேண்டும் என்பன அவர் கூறிய வழிகள்.

அடிமையைப் பொருளாகக் காண மறுத்த அதே கண்கள் குடிகாரனைப் பாவியாகக் காணவும் மறுத்தன. இதனை நாம் தற்செயல் என்று தள்ளிவிடுவதற்கில்லை. ஒடுக்கப்பட்ட ஒருவனின் நிலையிலிருந்து உலகைப் பார்க்கப் பழகியவனுக்கு, அடுத்த ஒடுக்கப்பட்டவனின் நிலையும் புலப்படும்.

ஏறத்தாழ இதே காலத்தில், அத்திலாந்திக்கின் மறுகரையிலே பெஞ்சமின் றஷ் இதனை ஆராய்ந்தார். 1776 இல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்திற் கையொப்பமிட்டவர்களுள் ஒருவரான இவ்வைத்தியர், 1784 இல் வடித்த மதுவகைகள் உடலுக்கும் உள்ளத்துக்கும் இழைக்கும் கேடுகளை விளக்கும் சிறுநூலொன்றை வெளியிட்டார். பலமுறை மறுபதிப்புக் கண்ட நூல் அது. ஆனால் றஷ் தமது காலத்தின் குழந்தையே. பியரையும் வைனையும் அவர் பெருங்கேடாகக் கருதவில்லை. தீங்கு மதுசாரத்திலிருந்தே வருகிறது, பானத்தின் பெயரிலிருந்தன்று என்ற உண்மை தெளிவுபெறப் பின்னும் காலம் வேண்டியிருந்தது.

1849 ஆம் ஆண்டிலே இந்நோய்க்குப் பெயரும் கிடைத்தது. பெயரிட்டவர் சுவீடன் நாட்டு வைத்தியர் மக்னஸ் ஹஸ். அந்நாட்டின் கிராமங்களிலே குடியானவர் வீடுதோறும் உருளைக்கிழங்கிலிருந்தும் தானியத்திலிருந்தும் சாராயம் வடித்த காலம் அது. தலைநகரின் வைத்தியசாலையிற் பணியாற்றிய ஹஸ், நாள்பட்ட குடியினால் ஈரலும் இரைப்பையும் நரம்புகளும் சிதைவுறுவதை வரிசைப்படுத்தி எழுதினார். அத்தொகுதிக்கு 'அல்கஹோலிஸ்முஸ் குரோனிக்குஸ்' என்று பெயர் சூட்டினார். உலகெங்கும் வழங்கிய 'அல்கஹோலிசம்' என்ற சொல்லின் பிறப்பு இதுவே. 1855 இல் சுவீடன் வீட்டு வடிப்பைத் தடைசெய்தது. எனினும் ஹஸ் கண்டது குடியின் விளைவுகளையே. குடிப்பவன் ஏன் நிறுத்த முடியாமற் போகிறான் என்ற வினாவை அவர் நூல் தீர்க்கவில்லை.

இதே நூற்றாண்டிலே கைத்தொழிற் புரட்சி தொழிலாளியை ஆலைக்கும் சேரிக்கும் இடையிலே சிறைவைத்தது. 1845 இல் இங்கிலாந்துத் தொழிலாளரின் நிலை பற்றி நூலெழுதிய எங்கெல்ஸ், குடியைப் பற்றியும் பேசுகிறார். உழைத்துக் களைத்து, ஈரமும் அழுக்கும் நிறைந்த அறைக்குத் திரும்பும் மனிதனுக்கு வேறெந்த இன்பமும் இல்லாதபோது மதுக்கடையே புகலிடமாகிறது. அவனை அங்கே தள்ளியவர்கள் பழியை அவன் தலையிற் சுமத்துகிறார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். வைத்தியர்கள் தனிமனிதனின் உடலிலே நோயைத் தேடிக்கொண்டிருந்த வேளையில், அந்நோய்க்கு ஓர் ஊரும் தெருவும் கூலியும் உண்டென்பதை அவர் சுட்டிக்காட்டினார். இவ்விரு நோக்குகளும் ஒன்றையொன்று சந்திக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

சட்டமோ நோயையும் வர்க்கமாய்ப் பிரித்தது. 1879 ஆம் ஆண்டின் சட்டப்படி, வசதியுள்ள ஆங்கிலேயர் தாமாகவே கையொப்பமிட்டு, கட்டணம் செலுத்தி, உரிமம் பெற்ற ஒதுக்கிடங்களிலே தங்கிச் சிகிச்சை பெறலாம். ஏழைக்கு அவ்வாசல் திறக்கவில்லை. அவருக்காக 1898 இல் மற்றொரு சட்டம் வந்தது. நீதிமன்றம் அனுப்பிச் சீர்திருத்தச் சாலையில் அடைத்து வைக்கும் சட்டம். அங்கே அடைக்கப்பட்டோரிற் பெரும்பான்மையோர் பெண்கள். பிள்ளைகளைக் கவனியாத குற்றத்துக்காக அனுப்பப்பட்ட ஏழைத் தாய்மாரும் அவர்களுள் இருந்தனர். பணக்காரனுக்கு நோய், பராரிக்குக் குற்றம். முதலாம் உலகப் போரின் பின்னர் அச்சாலைகள் மூடப்பட்டன. அவற்றின் மனோபாவம் மூடப்படவில்லை.

இவ்விடத்தே எமது இலங்கையையும் நோக்குதல் தகும். பிரித்தானிய ஆட்சியிலே, ஒரு பகுதியிற் சாராயம் விற்கும் உரிமை ஏலத்தில் விடப்பட்டது. கூடிய தொகை கேட்டவனுக்குக் குத்தகை கிடைத்தது. கோப்பித் தோட்டங்கள் மலைநாட்டிற் பரவியபோது தவறணைகளும் அவற்றைத் தொடர்ந்து சென்றன. தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளியின் கூலியில் ஒரு பகுதி, தவறணை வழியாகக் குத்தகைக்காரனுக்கும் அரசாங்கக் கருவூலத்துக்கும் திரும்பிச் சென்றது. இலங்கையின் புதிய முதலாளி வர்க்கத்தின் ஆரம்ப மூலதனத்திற் சாராயக் குத்தகை பெற்ற இடத்தைக் குமாரி ஜயவர்த்தனா 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார்.

இதற்கு எதிர்ப்பும் எழுந்தது. 1904 இலும், மதுவரிச் சட்டத்தின் கீழே பெருந்தொகையான கள்ளுத் தவறணைகள் திறக்கப்பட்ட 1912 இலும் மதுவிலக்கு இயக்கம் நாடெங்கும் வீறுகொண்டது. அதனை வெள்ளை அரசு வெறும் ஒழுக்கப் பிரசாரமாகக் கருதவில்லை. 1915 ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது இராணுவச் சட்டத்தின் கீழ் எப். ஆர். சேனநாயக்கா, டி. எஸ். சேனநாயக்கா, டி. பி. ஜயதிலக்கா முதலிய மதுவிலக்குத் தலைவர்கள் சிறையிலிடப்பட்டமை இதற்குச் சான்று. மதுவரியைத் தாக்குவது ஆட்சியின் மடியைத் தாக்குவதாகும் என்பதை ஆட்சியாளர் அறிந்திருந்தனர்.

ஆயினும் மதுவிலக்கு மேடையின் குறைபாட்டையும் நாம் மறைக்கலாகாது. அது குடிப்பவனிடம் சத்தியத்தைக் கேட்டது, சிகிச்சையைக் கொடுக்கவில்லை. சத்தியத்தைக் காக்க முடியாதவன் முன்னைவிட இழிந்தவனாகக் கருதப்பட்டான். எமது வடபகுதியிலோ, கள் இறக்கிப் பிழைத்த ஒடுக்கப்பட்ட மக்களின் மீது சாதி வெறுப்பை உமிழ்வதற்கும் குடியெதிர்ப்பு ஒரு போர்வையாகப் பயன்பட்டது. மரமேறியவன் இழிந்தவனானான், மாடிவீட்டில் விஸ்கிப் போத்தல் திறந்தவன் கனவானாகவே இருந்தான். இத்தகைய ஒழுக்கவாதம் குடியையும் ஒழிக்காது, கொடுமையையும் ஒழிக்காது.

இனி வைத்திய அறிவின் வளர்ச்சிக்குத் திரும்புவோம். 1813 இல் தோமஸ் சட்டன் என்னும் ஆங்கில வைத்தியர், குடிப்பவரிடத்தே காணப்படும் நடுக்கத்தோடு கூடிய சன்னியை ஒரு தனி நோயாக விவரித்தார். கை நடுங்கும், வியர்க்கும், இல்லாத பூச்சிகளும் உருவங்களும் கண்ணிற் தோன்றும், நாள் இடம் தெரியாது. இது மிகுதியாகக் குடித்ததால் வருவதா, குடியை நிறுத்தியதால் வருவதா என்ற விவாதம் நூறாண்டுக்கு மேல் நீடித்தது. 1955 இலேதான் அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்திலே ஹரிஸ் இஸ்பெல்லும் அவர் கூட்டாளிகளும் நடத்திய பரிசோதனை அதனைத் தீர்த்தது. பத்துப் பேருக்கு வாரக்கணக்காக மது கொடுத்து, பின்னர் திடீரென நிறுத்தினார்கள். உணவும் விற்றமின்களும் குறைவின்றிக் கொடுக்கப்பட்டிருந்தும், நீண்ட நாள் குடித்தோரிடையே வலிப்பும் சன்னியும் கண்டன. காரணம் மதுவை நிறுத்தியமையே என்பது உறுதியாயிற்று. அந்தப் பத்துப் பேரும் முன்பு மோர்பினுக்கு அடிமையாயிருந்தவர்கள். சமுதாயம் கைவிட்டவர்களின் உடலிலே பெற்ற அறிவு இது என்பதை நாம் மறத்தல் கூடாது. அவ்வறிவு முதலிற் பயன்படவேண்டியதும் கைவிடப்பட்டவர்களுக்கே.

இதன் நடைமுறைப் பயன் பெரிது. நாள்தோறும் மிகுதியாகக் குடித்து வந்தவன் திடீரென நிறுத்தினால், சில மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கலாம். முதல் இரு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளளவிற் சன்னி தோன்றலாம். சிகிச்சையின்றி விடப்பட்டால் உயிருக்கே ஆபத்து. பொலிஸ் கூண்டிற்குள் 'வெறி முறியட்டும்' என்று போடப்பட்டவன் உண்மையில் சாவின் வாசலில் நிற்கக்கூடும். கோயிலிற் சத்தியம் செய்துவிட்டு வீட்டறையிற் பூட்டப்பட்டவனுக்கும் இதே ஆபத்து உண்டு. 1960 ஆம் ஆண்டளவிற் புழக்கத்துக்கு வந்த குளோர்டயசெப்பொக்சைட்டும், பின்னர் வந்த டயசெபாமும் இவ்வாபத்தை வெகுவாகக் குறைத்தன. இம்மருந்துகளை வைத்தியரின் மேற்பார்வையிற் சில நாட்களுக்குக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பதே முறை.

மற்றொரு கண்டுபிடிப்பு சோறுண்ணும் எமக்கு மிக நெருக்கமானது. 1881 இல் ஜெர்மானியரான கார்ல் வேர்ணிக்கே, கண்ணசைவு கெட்டு, நடை தள்ளாடி, புத்தி மயங்கும் நோயொன்றை விவரித்தார். சில ஆண்டுகளின் பின்னர் மொஸ்கோவிலே சேர்கேய் கோர்சாக்கொவ், குடிப்பவர் சிலரிடம் புதிய நினைவுகளே பதியாதுபோகும் நிலையை ஆராய்ந்தார். இரண்டும் ஒரே குறைபாட்டின் இரு முகங்கள் என்பது பின்னர் தெரிந்தது. அக்குறைபாடு தயமின் என்னும் விற்றமின் பி1 இன் குறைபாடு. ஜாவாத் தீவிலே தீட்டிய அரிசியை உண்டவர்க்கு வந்த பெரிபெரி நோயின் காரணமும் இதுவே. குடிப்பவன் உணவைத் தவிர்க்கிறான்; உண்டதும் குடலிற் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. ஆகவே, நாட்பட்ட குடியினால் மயங்கி வந்தவனுக்கு, குளுக்கோஸ் ஏற்றுவதோடு தயமினும் தாமதமின்றி ஊசிமூலம் கொடுக்கவேண்டும். விலை மலிந்த இம்மருந்து வேளைக்குக் கிடைத்தால் ஒரு மனிதனின் நினைவாற்றலே காப்பாற்றப்படும்.

குடியை வெறுக்கச் செய்யும் மருந்தொன்றின் கதையும் சுவையானது. 1937 இல், இறப்பர்ப் பதனிடலுக்கான இரசாயனப் பொருளோடு பழகிய தொழிலாளர் மது அருந்தினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து அவதிப்படுவதை அமெரிக்க ஆலை வைத்தியர் ஒருவர் எழுதிவைத்தார். அக்குறிப்பு கவனிப்பாரற்றுக் கிடந்தது. அதனையொத்த டைசல்பிரம் என்னும் பொருளைக் குடற்புழுக்களுக்கு மருந்தாக ஆராய்ந்த டென்மார்க் நாட்டினரான ஜென்ஸ் ஹால்டும் எரிக் ஜேக்கப்சனும் தாமே அதனை உட்கொண்டு அதே அவதியை அனுபவித்தனர். 1948 இல் 'அன்ரபியூஸ்' என்ற பெயரிலே அது குடிநோய்க்கு மருந்தாயிற்று. ஆரம்பத்திற் கூடிய அளவிற் கொடுக்கப்பட்டு உயிராபத்துக்களும் நேர்ந்தன. நோயாளிக்குத் தெரியாமல் இதனை உணவிலே கலந்து கொடுப்பது இன்றும் நிகழும் பெருந்தவறு. அறிந்து, இணங்கி, வைத்தியரின் கண்காணிப்பில் உட்கொள்பவனுக்கே இது உதவும்.

இதற்கிடையே, நோயாளிகள் தாமே ஒரு வழி கண்டனர். 1935 இல் அமெரிக்காவின் அக்ரன் நகரிலே பங்கு வியாபாரி ஒருவரும் வைத்தியர் ஒருவரும் சந்தித்தனர். இருவரும் குடியால் வாழ்விழந்தவர்கள். ஒருவருக்கொருவர் பேசித் தம்மைக் காத்துக்கொண்ட அவர்களிடமிருந்து 'அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்' என்னும் இயக்கம் தோன்றியது. அதன் சமயச் சாயலோடு எம்மிற் பலர் உடன்படாதிருக்கலாம். சமுதாயக் காரணங்களைப் பற்றி அது பேசுவதுமில்லை. ஆயினும், கட்டணமின்றி, மேலோர் கீழோர் என்ற பேதமின்றி, துன்புற்றவர் துன்புறுவோருக்குக் கைகொடுக்கும் அம்முறையிலே ஒரு மக்கட்பண்பு உண்டு. முழுதாகக் குடியைத் தவிர்ப்பதில் இம்முறை ஏனைய உளச்சிகிச்சைகளுக்குக் குறைந்ததன்று என்பதை, பல ஆய்வுகளைத் திரட்டி 2020 இல் வெளிவந்த மதிப்பீடு காட்டியுள்ளது.

1960 இல் இ. எம். ஜெலினெக் குடியை நோயாகக் கருதும் கொள்கையைப் பற்றிப் பெருநூல் எழுதினார். குடிப்பவர் யாவரும் ஒரே வகையினர் அல்லர் என்று காட்டி ஐந்து வகைகளாகப் பிரித்தார். அவருடைய முந்திய ஆய்வொன்று நூற்றுக்கும் குறைந்த ஆண்களின் விடைகளையே ஆதாரமாகக் கொண்டது. பெண்களின் விடைகளை அவர் ஒதுக்கிவிட்டார். இக்குறைபாட்டை அவருக்குப் பின்வந்தோர் கண்டித்தனர். 1976 இல் லண்டனைச் சேர்ந்த கிரிபித் எட்வர்ட்சும் மில்ரன் குறோசும், மதுவிலே தங்கியிருக்கும் நிலையின் குறிகளைத் தெளிவாக வகுத்தனர்: மதுவைத் தேடுவதே வாழ்வின் முதற்காரியமாதல், முன்னைய அளவு போதாதிருத்தல், நிறுத்தினால் உடல் அவதியுறல், அவ்வவதியைத் தீர்க்க மீண்டும் குடித்தல், கட்டுப்பாடு குலைதல், விட்டபின் மீண்டும் தொடங்கின் விரைவிற் பழைய நிலைக்கு மீளல் என்பன அவற்றுட் சில. குடிகாரன் அல்லது குடிகாரனல்லாதவன் என்ற இரண்டே பெட்டிகள் இல்லை. படிகள் பல உண்டு என்பதே இதன் சாரம். 2013 இல் அமெரிக்க உளநோய் வைத்தியர் சங்கம் வெளியிட்ட வகைப்பாடும் இதனை ஒட்டியே அமைந்தது. அது பதினொரு குறிகளைத் தந்தது. ஓராண்டுக் காலத்தினுள் அவற்றுள் இரண்டு மூன்று இருப்பின் இலேசானது, நான்கு ஐந்து இருப்பின் நடுத்தரமானது, ஆறோ அதற்கு மேலோ இருப்பின் கடுமையானது.

படிகள் உண்டெனின், கீழ்ப்படியிலேயே ஒருவனைக் கண்டுகொள்ளலாம் அல்லவா? இதற்கான கருவிகள் வியப்பூட்டும் அளவுக்கு எளியன. அமெரிக்க வைத்தியர் ஜோன் இயூவிங் வகுத்து 1984 இல் விரிவாக வெளியிட்ட நான்கு வினாக்களை எவரும் மனனம் செய்யலாம். குடியைக் குறைக்கவேண்டுமென்று என்றாவது எண்ணினீர்களா? உங்கள் குடியைப் பிறர் குறைகூறியபோது எரிச்சலடைந்தீர்களா? குடித்ததற்காக மனம் வருந்தினீர்களா? நடுக்கம் தீரக் காலையில் எழுந்ததும் குடித்ததுண்டா? இரண்டுக்கேனும் 'ஆம்' என்ற விடை வந்தால் மேலும் ஆராய வேண்டும். ஆறு நாடுகளில் ஆய்வு செய்து உலக சுகாதார நிறுவனம் 1989 இல் வெளியிட்ட பத்து வினாக்கள் கொண்ட பரிசோதனை இன்னும் நுட்பமானது. அதிலே நாற்பதுக்கு எட்டுப் புள்ளி பெறுபவரே கவனிக்கப்பட வேண்டியவராகிறார். ஊரிலே 'அவர் அளவோடு குடிப்பவர்' என்று பெயரெடுத்த எத்தனை கனவான்கள் இந்த எட்டைத் தாண்டுவார்கள் என்று எண்ணிப் பார்ப்பது பயனுடையது.

கண்டுகொண்டபின் என்ன செய்வது? 1977 இல் எட்வர்ட்சும் அவர் தோழரும் வெளியிட்ட ஆய்வு வைத்திய உலகை ஒரு கணம் திகைக்க வைத்தது. மணமான ஆண்கள் நூறு பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு மாதக்கணக்கான முழுச்சிகிச்சை. மற்றப் பிரிவினருக்குக் கணவன் மனைவி இருவரையும் இருத்தி அன்போடும் தெளிவோடும் கூறிய ஆலோசனை மாத்திரம். ஓராண்டின் பின் இரு பிரிவினரிடையும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எல்லோருக்கும் ஆலோசனையே போதும் என்பது இதன் பொருளன்று. கடுமையான நிலையிலுள்ளவனுக்கு வைத்தியசாலை தேவை. ஆனால் மரியாதையோடு சொல்லப்படும் சில சொற்களுக்கும் மருந்தின் வலிமை உண்டு என்பது நிலைநாட்டப்பட்டது. ட்ரொட்டர் 1804 இற் கூறியது பொய்யாகவில்லை. இதன் பின்னர், குடிக்கும் வேட்கையைத் தணிக்கும் நல்ற்றெக்சோனும், குடியை விட்டவன் மீளாதிருக்க உதவும் அக்கம்புறோசேட்டும் வந்தன. இவற்றை முறையே 1994 இலும் 2004 இலும் ஐக்கிய அமெரிக்கா அனுமதித்தது. அற்புத மருந்து எதுவுமில்லை; ஆயினும் வெறுங்கையோடு நிற்கும் காலம் போய்விட்டது.

எனினும் தனிமனிதனைக் குணமாக்குவது மாத்திரம் போதுமா? பிரெஞ்சு அறிஞர் சல்லி லெதர்மன் 1956 இல் ஓர் உண்மையை எடுத்துரைத்தார். ஒரு சமுதாயம் மொத்தமாக அருந்தும் மதுவின் அளவு உயருமாயின், மிகையாகக் குடிப்போரின் தொகையும் உயரும். இரண்டாம் உலகப் போரின்போது பாரிஸ் நகரில் வைன் பங்கீடு செய்யப்பட்டபோது ஈரற் சுருக்க நோயால் இறப்போர் தொகை சடுதியாக வீழ்ந்தது. ஆகவே விலை, வரி, விற்பனை நேரம், கடைகளின் தொகை, விளம்பரம் ஆகிய யாவும் வைத்தியத்தின் பகுதிகளே. கேட்டினின்று இலாபமீட்டுபவனைத் தொடாமல் நோயாளியை மாத்திரம் தொடும் வைத்தியம் ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவதை ஒக்கும்.

இவ்விடயத்தில் முற்போக்காளராகிய நாம் எம்மையே விசாரணை செய்துகொள்ளவும் கடமைப்பட்டுள்ளோம். ஜார் அரசு 1890 களில் வொட்காவை அரசின் ஏகபோகமாக்கி, தன் வருமானத்தில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கை அதிலிருந்து பெற்றது. 1914 இல் அது மது விற்பனையைத் தடுத்தது. புரட்சியின் பின் முதலில் தடையைத் தொடர்ந்த சோவியத் அரசு, 1925 இல் வருமானத்தின் பொருட்டு வொட்கா விற்பனையை மீண்டும் அனுமதித்தது. 1967 முதல், நாட்பட்ட குடிநோயாளரைக் கட்டாய உழைப்போடு கூடிய சிகிச்சை நிலையங்களில் அடைக்கும் முறையும் அங்கே பரவியது. தொழிலாளரின் பெயரால் நடந்த ஆட்சியும் ஒரு கையால் ஊற்றி மறு கையால் அடைத்தது என்பதை ஒப்புக்கொள்வதிலே எமக்குக் கூச்சம் வேண்டியதில்லை. 1985 இல் தொடங்கிய குடியெதிர்ப்பு நடவடிக்கை ஆண்களின் ஆயுளைச் சில ஆண்டுகள் உயர்த்தியது. கள்ளச் சாராயத்தையும் பெருக்கியது. தடை மாத்திரம் தீர்வன்று, தாராளமும் தீர்வன்று என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2019 ஆம் ஆண்டில் மாத்திரம் மதுவினால் இறந்தோர் தொகை 26 இலட்சம். அவர்களுள் ஏறத்தாழ 20 இலட்சம் பேர் ஆண்கள். ஆனால் சாவுக்கணக்கிற் சேராத துயரைச் சுமப்பவர் பெண்களும் பிள்ளைகளுமாவர். குடிப்பவன் நோயாளி என்று கூறும்போது, அவன் கை ஓங்கியதை நாம் மன்னிக்கிறோம் என்பது பொருளன்று. நோய் காரணத்தை விளக்கும். அடிபட்டவளின் பாதுகாப்புக்கான உரிமையை ஒருபோதும் பறிக்காது. அவளுக்குப் பாதுகாப்பும் அவனுக்குச் சிகிச்சையும் ஒருங்கே வேண்டும்.

ஆசிரியர்களே, மாணவர்களே! இருநூறு ஆண்டு அறிவு எமக்குக் கிடைத்திருக்கிறது. நான்கு வினாக்களைக் கற்க ஒரு நாட்பொழுது வேண்டாம். திடீரென நிறுத்தினால் ஆபத்து என்பதை லயத்திலும் கிராமத்திலும் சொல்லுவதற்குப் பட்டம் வேண்டாம். கசிப்பு விற்பவனுக்கும், உரிமத்தோடு விற்கும் பெருங்கம்பனிக்கும், வரியை எண்ணும் அரசுக்கும் உள்ள உறவை விளக்குவதற்கு வரலாற்றறிவும் துணிவுமே வேண்டும். தகப்பன் குடிக்கிறான் என்று வகுப்பில் நகையாடப்படும் பிள்ளையை அருகழைத்து, "உன் அப்பாவுக்குச் சுகமில்லை, இதற்கு வைத்தியம் உண்டு, இதில் உன் பிழை எதுவுமில்லை" என்று சொல்வதற்கோ மனம் ஒன்றே போதும்.

றம்மை ஊற்றிக் கொடுத்துக் கசையாலும் அடித்த கப்பலிலே நின்று, இவன் நோயாளி என்று சொல்வதற்கு ஒரு வைத்தியர் இருந்தார். எங்கள் ஊர்த் தவறணை வாசலில் நின்று அதனைச் சொல்வதற்கு நாம் இருக்கிறோமா என்பதே இன்றைய கேள்வி.